படிகப் பரப்பில் ஒலியலை எதிர்பார்த்தபடி செல்லாதபோது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

லித்தியம் நையோபேட், லித்தியம் டான்டலேட், குவார்ட்ஸ் போன்ற அழுத்தமின் படிகங்களின் (அழுத்தினால் மின்னூட்டமும், மின்னழுத்தம் தந்தால் அதிர்வும் தருபவை) மேல் சீப்பு வடிவ மின்முனைகளையும், அவற்றுக்கு நடுவே பள்ளங்கள், துளைகள் அல்லது தூண்களாலான ஒழுங்கமைப்பையும் பதித்துப் பரப்பு ஒலியலைகளை அளப்பவர்களுக்காக இது எழுதப்பட்டுள்ளது. அலை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்ற கோட்பாட்டுக்குள் இக்கட்டுரை போகாது. திரையில் என்ன தெரிகிறது, முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும், எந்தச் சோதனை அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும், எந்த இடத்தில் வேலையை வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பவை மட்டுமே இங்குள்ளன.

எண்கள் தெளிவாக இருப்பதற்காக ஒரே சாதனத்தை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 128 பாகை ஒய்-வெட்டு (படிக அச்சுகளைப் பொறுத்து வெட்டிய கோணத்தைக் குறிக்கும் பெயர்) லித்தியம் நையோபேட்டில் எக்ஸ் திசையில் அலை செல்கிறது. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3980 மீட்டர். அலைநீளம் 40 மைக்ரோமீட்டர்; ஆகவே மைய அதிர்வெண் 99.5 மெகாஹெர்ட்ஸ். ஒவ்வொரு சீப்பிலும் 20 விரல் இணைகள் உள்ளன. விரல்கள் ஒன்றையொன்று மேவும் நீளம் 2 மில்லிமீட்டர். இரு சீப்புகளின் மையங்களுக்கு இடையே 4 மில்லிமீட்டர் தூரம் இருப்பதால், அலை ஒரு முறை கடக்க ஏறக்குறைய 1 மைக்ரோநொடி ஆகும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில்: நேரத் தளம்

அதிர்வெண் தளத்தில் (சைகையை அதிர்வெண்வாரியாகப் பார்க்கும்போது) பெரும்பாலான பழுதுகள் ஒரே மாதிரி, நெளிவாகவும் இழப்பாகவும் மட்டுமே தெரியும். அதே அளவீட்டை நேரத் தளத்துக்கு (எது எப்போது வந்தது என்ற வரிசைக்கு) மாற்றினால் அவை தனித்தனியே பிரிந்து நிற்கும். நம் எடுத்துக்காட்டில், கம்பிகளுக்கும் தொடுபட்டைகளுக்கும் இடையே காற்றின் வழியாகத் தாவும் மின்காந்தக் கசிவு 0 நேரத்தில் வரும். உண்மையான பரப்பலை 1 மைக்ரோநொடியில் வரும். வெளியீட்டுச் சீப்பில் பட்டுத் திரும்பி, உள்ளீட்டுச் சீப்பில் மீண்டும் பட்டு வரும் மும்முறைப் பயண எதிரொலி 3 மைக்ரோநொடியில் வரும். படிகத்தின் ஓரத்தில் பட்டுத் திரும்பும் அலை, ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து இவற்றுக்கிடையே எங்காவது வந்து சேரும். நெட்வொர்க் அனலைசர் என்ற அளவீட்டுக் கருவியில் இந்த வசதி இல்லாவிட்டாலும், எஸ்21-இன் (உள்ளீட்டிலிருந்து வெளியீட்டை அடையும் சைகையின் அளவு) வீச்சையும் கட்டத்தையும் சேர்த்துச் சேமித்து, தலைகீழ் ஃபூரியர் உருமாற்றம் செய்தால் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை மிக முக்கியம். நேரத் தளத்தில் குழப்பமின்றிக் காணக்கூடிய நீளம், அதிர்வெண் படியின் தலைகீழ் மதிப்பு. 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை 201 புள்ளிகளில் அளந்தால் படி 0.5 மெகாஹெர்ட்ஸ், தெரியும் நேரம் 2 மைக்ரோநொடி மட்டுமே. அப்போது 3 மைக்ரோநொடியில் வரவேண்டிய எதிரொலி மடிந்து, சரியாக 1 மைக்ரோநொடியில் உள்ள உண்மையான சைகையின் மேலேயே விழும். எதிரொலி இல்லை என்று நிம்மதி அடைவோம். அது அங்கேதான் இருக்கும். ஆகவே, புள்ளிகளை 1601 போன்ற பெரிய எண்ணுக்கு உயர்த்திய பிறகே எதையும் நம்ப வேண்டும்.

இரண்டாவது கருவி, ஒரு துளி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இரு சீப்புகளுக்கும் இடையே அலை செல்லும் பாதையில், மின்முனைகளைத் தொடாமல், ஒரு துளி வைத்தால் பரப்பலையின் ஆற்றல் திரவத்துக்குள் கசிந்து சைகை சரிந்துவிடும்; துளி ஆவியானதும் சைகை திரும்பி வரும். எது சரியவில்லையோ அது பரப்பலை அன்று. 36 பாகை லித்தியம் டான்டலேட்டில் செல்வது போன்ற, பரப்புக்கு இணையாகப் பக்கவாட்டில் அதிரும் அலைகளுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது. திரவம் அவற்றை அவ்வளவாகத் தணிக்காது, திரவ உணர்விகளில் அவற்றை விரும்பிப் பயன்படுத்துவதும் அதனால்தான்.

## அறிகுறி: சைகையே இல்லை

### எஸ்11-உம் தட்டையாக இருந்தால்

எஸ்11 என்பது உள்ளீட்டுக்கே திரும்பி வரும் சைகையின் அளவு. எளியதிலிருந்து தொடங்க வேண்டும். புரோப் (அளவீட்டு ஊசி) முனை உலோகத்தைத் தொடுகிறதா, தொடுபட்டையின் மேல் போட்டோரெசிஸ்ட் (வடிவம் பதிக்கப் பூசும் ஒளியுணர் படலம்) எச்சம் படிந்திருக்கிறதா, கேபிளை அசைத்தால் கோடு துள்ளுகிறதா, அளவுத்திருத்தம் இந்த அதிர்வெண் அகலத்துக்குச் செய்யப்பட்டதா என்பவற்றை நுண்ணோக்கியின் கீழும் கையாலும் பார்த்துவிட வேண்டும். சைகை இல்லை என்ற புகார்களில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடுகிறது.

அடுத்து, மல்டிமீட்டர். ஒரே மின்முனையின் இரு பாதிகளுக்கும் இடையே மெகாஓம் அளவிலான தடை காட்ட வேண்டும். சில பத்து ஓம்கள் மட்டுமே காட்டினால், எங்கோ இரு விரல்கள் ஒட்டிக்கொண்டுள்ளன. ஒட்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருந்து, நுண்ணோக்கியில் கண்ணுக்கும் தெரிந்தால், கூர்மையான புரோப் முனையால் அந்த விரலின் அடிப்பகுதியைச் சுரண்டித் துண்டிக்கலாம். 20 இணைகளில் ஒன்று போவதால் பெரிய நட்டம் எதுவும் இல்லை. பல இடங்களில் ஒட்டியிருந்தால் சுரண்டிக்கொண்டிருப்பது வீண். லிஃப்ட்-ஆஃப் (வேண்டாத உலோகத்தை அடியிலுள்ள படலத்தோடு நீக்கும்) படிநிலையில்தான் பழுது உள்ளது.

தடை சரியாக இருந்தால், மைய அதிர்வெண்ணிலிருந்து விலகிய இடத்தில் மின்தேக்குத்திறனை அளக்க வேண்டும். இந்த லித்தியம் நையோபேட் வெட்டில் ஓர் இணைக்கு, ஒரு சென்டிமீட்டர் மேவலுக்கு, ஏறத்தாழ 5 பிக்கோபாரட் கிடைக்கும். ஆகவே நம் சீப்புக்குச் சுமார் 20 பிக்கோபாரட் வர வேண்டும். அதில் பாதி மட்டுமே வந்தால், விரல்களை இணைக்கும் பட்டை எங்கோ அறுந்து, பாதிச் சீப்பு வேலை செய்யவில்லை என்று பொருள். குவார்ட்ஸில் இந்த மதிப்பு பத்தில் ஒரு பங்குதான் என்பதால், அங்கே புரோப்பின் சொந்த மின்தேக்குத்திறனே அளவீட்டை விழுங்கிவிடும். திறந்த நிலையில் ஒரு முறை அளந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

### மின்தேக்குத்திறன் சரி, ஆனால் பரப்பலை இல்லை என்றால்

முதலில், தேடும் இடம் சரிதானா என்று பார்க்க வேண்டும். ஒரு விரலின் மையத்திலிருந்து அடுத்த விரலின் மையம் வரை அலைநீளம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம், மாஸ்க் (சாதன வடிவத்தைப் பதிக்கும் அச்சுப்படம்) வரைபவருக்கும் அளப்பவருக்கும் இடையே அடிக்கடி நுழைந்துவிடுகிறது. எளிய ஒற்றை விரல் சீப்பில் அந்தத் தூரம் அரை அலைநீளம். ஆகவே கணக்கிட்ட அதிர்வெண் உண்மையானதைப் போல இரு மடங்காக இருக்கும். அனலைசரின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 400 மெகாஹெர்ட்ஸ் வரை விரித்து ஒரு முறை தேடுவது, ஒரு நாள் முழுவதும் யோசிப்பதைவிட மேல்.

எங்கும் இல்லையென்றால், படிகத்தின் திசையைச் சந்தேகிக்க வேண்டும். வேஃபரை (படிகத்தின் வட்டத் தகட்டை) 90 பாகை திருப்பி வைத்துப் பதித்திருந்தால் மின்-ஒலி இணைப்பு (மின்னாற்றல் ஒலியலையாக மாறும் திறன்) வெகுவாகக் குறையலாம். வேஃபரின் தட்டை விளிம்பு எந்த அச்சைக் குறிக்கிறது என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடுவதால், அனுபவத்தை நம்பாமல் அந்த வேஃபரோடு வந்த வரைபடத்தையே பார்க்க வேண்டும். ஒருபக்கம் மட்டும் மெருகிட்ட வேஃபரில் மெருகிடாத பக்கத்தில் பதிப்பது அரிது. ஆனால் இருபக்கமும் மெருகிட்டதில் பக்கம் மாறிப்போவது எளிது.

எப்போது நிறுத்துவது: வெட்டியெடுத்த சில்லில் திசை அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை என்றால் ஊகிக்க வேண்டாம். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவி உள்ள ஆய்வகத்தில் கொடுத்தால் அச்சின் திசையைத் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள்.

## அறிகுறி: அதிர்வெண் இடம் மாறியுள்ளது

எவ்வளவு விலகியுள்ளது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும்.

### 10 விழுக்காடு அல்லது அதற்கு மேல்

இது பெரும்பாலும் வேறு படிகம் அல்லது வேறு வெட்டு. 40 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் 128 பாகை வெட்டு 99.5 மெகாஹெர்ட்ஸ் தர வேண்டிய இடத்தில் 87 மெகாஹெர்ட்ஸ் வந்தால், கையில் இருப்பது ஒய்-இசட் லித்தியம் நையோபேட். அதன் வேகம் நொடிக்கு 3488 மீட்டர். 79 மெகாஹெர்ட்ஸ் வந்தால் எஸ்டி-வெட்டு குவார்ட்ஸ். வேகம் 3158 மீட்டர். வேஃபர் பெட்டிகளின் மேலொட்டுகளைச் சரிபார்ப்பதற்கு முன் செய்முறையைக் குறை சொல்ல வேண்டாம்.

### 1 முதல் 3 விழுக்காடு வரை, கீழ்நோக்கி

இது பழுதே அன்று என்ற வாய்ப்பு அதிகம். நூல்களில் தரப்படும் வேகம் வெறும் பரப்புக்கு உரியது. இந்த வெட்டில் பரப்பு முழுவதையும் உலோகம் மூடினால், மின்புலம் உலோகத்தால் குறுஞ்சுற்றாக்கப்படுவதால் மட்டுமே வேகம் ஏறத்தாழ 2.7 விழுக்காடு குறையும்; சீப்பின் கீழ் அதில் ஒரு பகுதி குறையும். இதோடு உலோகத்தின் எடையும் சேரும். 100 நானோமீட்டர் அலுமினியம் 40 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு 0.25 விழுக்காடுதான் என்பதால் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதே படலம் 4 மைக்ரோமீட்டர் அலைநீளத்துக்கு 2.5 விழுக்காடு ஆகிவிடுவதால் அதை விட்டுவிட முடியாது. அலுமினியத்துக்குப் பதில் தங்கம் பூசியிருந்தால் எடையின் பங்கு இன்னும் கூடும்.

விரல் தடித்துவிட்டது அல்லது மெலிந்துவிட்டது என்பதை இங்கே முதல் காரணமாகச் சொல்வதை அடிக்கடி கேட்க நேர்கிறது. விரலின் அகலம் மாறினாலும் விரல்கள் மீண்டும் வரும் தூரம் மாஸ்க்கில் உள்ளபடியேதான் இருக்கும். ஆகவே அகலப் பிழை அதிர்வெண்ணைச் சிறிதளவே நகர்த்தும். அது எதிரொலியையும் மின்தேக்குத்திறனையும்தான் அதிகம் பாதிக்கும்.

### நேரத்துக்கு நேரம் நகர்ந்துகொண்டே இருந்தால்

வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். இந்த வெட்டில் அதிர்வெண், ஒரு பாகை செல்சியஸ் உயர்வுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 75 பங்கு குறைகிறது. அதாவது நம் சாதனத்தில் பாகைக்கு 7.5 கிலோஹெர்ட்ஸ். நுண்ணோக்கி விளக்கு அணைந்து எரிவதே இந்த அளவு நகர்வைத் தரப் போதுமானது. படிகத்தின் கீழ் வெப்பநிலையை 5 பாகை உயர்த்தி, நகர்வின் திசையும் அளவும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீரும். ஒத்துப்போகாமல் ஒரே திசையில் மெல்லக் கீழிறங்கினால், பரப்பின் மேல் ஏதோ படிந்துகொண்டிருக்கிறது: ஈரம், எண்ணெய்ப் புகை, பசையிலிருந்து வெளியேறும் ஆவி. நிலைத்தன்மைதான் முதல் தேவை என்றால் எஸ்டி-குவார்ட்ஸுக்கு மாறுவதே நேர்மையான தீர்வு. அறை வெப்பநிலையை ஒட்டி அதன் முதல்படி வெப்பக் கெழு ஏறத்தாழ சுழியாகிவிடும். ஆனால் மின்-ஒலி இணைப்பு 5.5 விழுக்காட்டிலிருந்து 0.1 விழுக்காட்டை ஒட்டிய அளவுக்கு இறங்கிவிடும் என்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

## அறிகுறி: கடவுப்பட்டையில் சீரான நெளிவுகள்

கடவுப்பட்டை என்பது சாதனம் சைகையைக் கடத்தும் அதிர்வெண் பகுதி. நெளிவுகளுக்கு இடையே உள்ள அதிர்வெண் தூரத்தை அளந்து, அதன் தலைகீழ் மதிப்பை எடுத்தால், ஒன்றோடொன்று மோதும் இரு சைகைகளுக்கு இடையேயான நேர வித்தியாசம் கிடைக்கும். அதைக் கொண்டு கிளை பிரிக்கலாம்.

### தூரம் 1 மெகாஹெர்ட்ஸ்

நேர வித்தியாசம் 1 மைக்ரோநொடி. 0 நேரத்தில் வரும் மின்காந்தக் கசிவு உண்மையான அலையோடு மோதினால் இதுதான் கிடைக்கும். ஆனால் அவசரப்பட வேண்டாம். படிகத்தின் ஓரம் சீப்பிலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், ஓரத்துக்குப் போய்த் திரும்பும் அலையும் 4 மில்லிமீட்டர் கூடுதலாகப் பயணித்து, 2 மைக்ரோநொடியில் வந்து, அதே 1 மெகாஹெர்ட்ஸ் நெளிவைத்தான் உண்டாக்கும். அதிர்வெண் தளத்தில் இவ்விரண்டையும் பிரிக்க வழியே இல்லை. நேரத் தளத்தில் ஒன்று 0-விலும் மற்றொன்று 2-இலும் நிற்பதைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

கசிவு என்றால்: இரு சீப்புகளுக்கும் நடுவே தரையிணைப்புப் பட்டை ஒன்றைப் பதிப்பது, இரு பக்கத் தரையையும் குறுகிய கம்பியால் இணைப்பது, உள்ளீட்டுப் புரோப்பையும் வெளியீட்டுப் புரோப்பையும் எதிரெதிர்த் திசைகளில் வைப்பது என்ற வரிசையில் முயல வேண்டும். மென்பொருளில் நேர வாயில் போட்டு, அதாவது வேண்டிய நேரப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதை நீக்கிவிடுவது அளவீட்டை அழகாக்கும். சாதனத்தை அது திருத்தாது.

ஓர எதிரொலி என்றால்: சீப்புகளுக்குப் பின்புறம், ஓரத்தை ஒட்டிச் சிலிக்கோன் பசையையோ தடித்த போட்டோரெசிஸ்டையோ தடவினால் அலை அங்கேயே தணிந்துவிடும். சோதனைக்கு ஓர் ஆல்கஹால் துளியே போதும். அடுத்த மாஸ்க்கில் ஓரத்தை அலையின் திசைக்குச் செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்டச் சொல்வது நிலையான தீர்வு.

### தூரம் 0.5 மெகாஹெர்ட்ஸ்

நேர வித்தியாசம் 2 மைக்ரோநொடி. இது மும்முறைப் பயண எதிரொலி. இதில் ஒரு முரண் உண்டு: மின்மறுப்பை (மாறுமின்னோட்டத்துக்குச் சீப்பு தரும் எதிர்ப்பை) மின்சுற்றோடு பொருத்தி இழப்பைக் குறைக்கக் குறைக்க இந்த எதிரொலி வலுக்கும். இருதிசையிலும் அலை அனுப்பும் சாதாரணச் சீப்புகள் இரண்டையும் முழுமையாகப் பொருத்தினால், எதிரொலி முதன்மைச் சைகைக்கு 12 டெசிபெல் கீழே வந்து நிற்கும். அது கண்ணை உறுத்தும் அளவு நெளிவு. ஆகவே, பொருத்தத்தை வேண்டுமென்றே சற்றுக் கலைத்து இழப்பைக் கூட்டுவது பழுது அன்று, பேரம்.

பொருத்தத்தைக் கலைத்தும் எதிரொலி குறையவில்லை என்றால், அது மின்சுற்றால் வருவது அன்று. விரல்களே அலையைத் திருப்பி அனுப்புகின்றன. கால் அலைநீள அகல விரல்கள் அரை அலைநீளத்துக்கு ஒன்றாக நிற்பதால், ஒவ்வொன்றும் திருப்பும் சிறு அலைகள் மைய அதிர்வெண்ணில் ஒன்றுகூடிவிடும். ஒவ்வொரு விரலையும் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு அகலமுள்ள இரு விரல்களாகப் பிளந்தால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இதற்கு நுண்ணிய அச்சு தேவைப்படுவதால் செலவு கூடும். எனவே இதைக் கடைசியில் வைக்க வேண்டும்.

## அறிகுறி: நெளிவு இல்லை, இழப்பு மட்டும் மிக அதிகம்

சீப்பு இரு திசைகளிலும் அலையை அனுப்புவதால் ஒவ்வொரு சீப்பிலும் 3 டெசிபெல், ஆக மொத்தம் 6 டெசிபெல், எவ்வளவு கவனமாகச் செய்தாலும் போகும். பொருத்தமே செய்யாத எளிய சாதனத்தில் 15 முதல் 20 டெசிபெல் இழப்பைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை.

அதற்கு மேல் போனால் முதலில் பரப்பைக் கழுவ வேண்டும்: அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், காய்ந்த நைட்ரஜன். விரல் ரேகை ஒன்றே சில டெசிபெல்களைத் தின்னும். பிறகு, நீண்ட மெல்லிய விரல்களின் மின்தடையையும் பட்டைகளின் தடையையும் கணக்கிட வேண்டும். அடுத்து, அலை விரிந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். மேவல் நீளத்தின் வர்க்கத்தை அலைநீளத்தால் வகுத்தால் வரும் தூரம்வரை அலை பெரிதாக விரியாமல் செல்லும். 2 மில்லிமீட்டர் மேவலுக்கு அது 100 மில்லிமீட்டர், ஆகவே கவலையில்லை, 0.4 மில்லிமீட்டராகக் குறைத்தால் அது 4 மில்லிமீட்டர்தான், வெளியீட்டுச் சீப்பை அடைவதற்குள் அலை விரியத் தொடங்கிவிடும். படிகத்தின் திசைவேறுபாடு இந்தக் கணக்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஒய்-இசட் லித்தியம் நையோபேட்டில் அலை கிட்டத்தட்ட விரிவதே இல்லை.

மாஸ்க்கைப் படிக அச்சோடு சரியாக நேர்ப்படுத்தாவிட்டால், அலைமுகம் ஒரு பக்கம் பார்க்க ஆற்றல் வேறு பக்கம் நழுவும். பாதை நீளம் வேறுபட்ட இரு சாதனங்கள் ஒரே வேஃபரில் இருந்தால், நீளத்தோடு இழப்பு விரைந்து கூடுகிறதா என்று ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கலாம்.

எப்போது நிறுத்துவது: மேற்கண்ட எல்லாம் சரியாக இருந்தும் 10 டெசிபெல் கணக்கில் வரவில்லை என்றால், பரப்பின் அதிர்வை நேரடியாகக் காட்டும் லேசர் அதிர்வுமானி உள்ள இடத்தை நாட வேண்டும். ஆற்றல் பக்கவாட்டில் நழுவுவது அதன் படத்தில் அப்படியே தெரியும்.

## அறிகுறி: ஒழுங்கமைப்பு பதித்த பகுதியில் தடைப்பட்டை தெரியவில்லை

தடைப்பட்டை என்பது ஒழுங்கமைப்பு அலையைக் கடக்கவிடாத அதிர்வெண் பகுதி. இந்த அறிகுறியில்தான் அதிகக் காலம் வீணாகிறது. பல காரணங்கள் ஒரே முகத்தோடு வருவதே அதற்குக் காரணம். ஒன்று சொல்லிவிட வேண்டும்: ஒழுங்கமைப்பு இல்லாத, மற்றெல்லா வகையிலும் ஒத்த ஒப்பீட்டுச் சாதனம் அதே வேஃபரில் இல்லையென்றால், இந்தப் பகுதியின் எந்தச் சோதனையும் முடிவு தராது. ஒப்பீட்டின் எஸ்21-ஐக் கழித்த பிறகு மிஞ்சுவதே ஒழுங்கமைப்பின் செயல்.

### எஸ்21-இல் எந்த மாற்றமும் இல்லை

சீப்பின் அகலம் போதுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். 20 இணைகள் உள்ள சீப்பு, சுழியிலிருந்து சுழிவரை மைய அதிர்வெண்ணில் 10 விழுக்காடு, அதாவது 10 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே காட்டும். தடைப்பட்டை 85 மெகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்தச் சாதனத்துக்கு அது தெரியவே தெரியாது. சதுர அடுக்கில், வரிசைகளுக்குச் செங்குத்தாகச் செல்லும் அலைக்கு, அரை அலைநீளம் அடுக்கின் இடைவெளிக்குச் சமமாகும் இடத்தில் முதல் பிராக் தடை (வரிசைகள் திருப்பும் அலைகள் ஒன்றுகூடுவதால் வரும் தடை) வரும். 20 மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு அது 40 மைக்ரோமீட்டர் அலைநீளம். ஆனால் துளைகள் பரப்பைத் தளர்த்தி வேகத்தைக் குறைப்பதால், உண்மையான தடை வெறும் பரப்பின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்ட இடத்துக்குக் கீழே வரும். விரல்களின் இடைவெளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாறிக்கொண்டே போகும் அகலப்பட்டைச் சீப்போ, சாய்விரல் சீப்போ இருந்தால் இந்தக் கவலை தீரும். இல்லாவிட்டால் இடைவெளி வேறுபட்ட பல சீப்பு இணைகளை ஒரே மாஸ்க்கில் வரைந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, வரிசைகளின் எண்ணிக்கை. ஆழமற்ற பள்ளம் ஒவ்வொன்றும் அலையின் வீச்சில் நூற்றில் ஒரு பங்கைத்தான் திருப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 100 பள்ளங்களுக்குப் பின்னும் கடந்து செல்லும் அலை 4 டெசிபெல் அளவுக்கே குறைந்திருக்கும். 200 பள்ளங்களுக்குப் பின்தான் அது 11 டெசிபெல்லைத் தாண்டும். பத்து வரிசைப் பள்ளங்களைப் பதித்துவிட்டுத் தடையைத் தேடுவோர் ஏமாறுவது இதனால்தான். வரிசைகளைக் குறைவாகவே வைக்க வேண்டும் என்றால், ஆழம் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருக்க வேண்டும். பரப்பலையின் ஆற்றல் பெரும்பாலும் பரப்பிலிருந்து ஓர் அலைநீள ஆழத்துக்குள்தான் உள்ளது.

ஒழுங்கமைப்பின் அகலத்தையும் பார்க்க வேண்டும். அது விரல்களின் மேவல் நீளத்தைவிடக் குறுகலாக இருந்தால் அலையின் ஒரு பகுதி பக்கவாட்டில் ஒதுங்கிச் சென்றுவிடும்; எவ்வளவு நல்ல தடையும் அப்போது சில டெசிபெல் பள்ளமாகவே தெரியும்.

### எஸ்21 குறைகிறது, ஆனால் தடைக்கு மேலும் மீளவில்லை

உண்மையான தடைப்பட்டைக்குக் கீழும் மேலும் அலை கடந்துசெல்ல வேண்டும். ஓர் அதிர்வெண்ணுக்கு மேல் எல்லாமே விழுந்து, மீளவே இல்லை என்றால், ஒழுங்கமைப்பு பரப்பலையைத் திருப்பி அனுப்பவில்லை. படிகத்தின் உட்புறம் செல்லும் பருமன் அலையாக மாற்றிக் கீழே அனுப்பிவிடுகிறது. எஸ்21-ஐ மட்டும் வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க இயலாது. எஸ்11-ஐ நேரத் தளத்தில் பார்க்க வேண்டும்: சீப்பின் மையத்திலிருந்து ஒழுங்கமைப்பின் முன்விளிம்பு 1.5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், திரும்பிய அலை ஏறத்தாழ 0.75 மைக்ரோநொடியில் வந்து நிற்க வேண்டும். வந்தால், அது தடை. கடக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை என்றால், ஆற்றல் உள்ளே போய்விட்டது. இந்தச் சோதனையைச் செய்யாமல் தடைப்பட்டை என்று அறிவிக்கப்படும் எஸ்21 பள்ளங்களை நான் நம்புவதில்லை.

திருத்தும் வழி, முன்விளிம்பைத் திடீரெனத் தொடங்காமல் துளைகளின் விட்டத்தைச் சில வரிசைகளில் படிப்படியாகப் பெருக்குவது. அல்லது துளைகளுக்குப் பதில் தூண்களை வைத்து, பருமன் அலையாகக் கசிய இடமில்லாத தாழ்ந்த அதிர்வெண்ணில் தடையை உண்டாக்குவது.

### எஸ்21-இல் பள்ளம் தெரிகிறது, ஆனால் மங்கலாக, அகன்று

தூண்களாக இருந்தால், உயரத்தின் சீரின்மையை முதலில் சந்தேகிக்க வேண்டும். தூணின் சொந்த அதிர்வால் வரும் பள்ளம் அடுக்கின் இடைவெளியைவிடத் தூணின் உயரத்தையே அதிகம் சார்ந்தது; உயரங்கள் சிதறினால் பள்ளமும் சிதறும். இடைவெளியை மாற்றிய இரண்டாவது சாதனத்திலும் பள்ளம் அதே இடத்தில் நின்றால் அது தூணின் அதிர்வு. இடைவெளியோடு சேர்ந்து நகர்ந்தால் பிராக் தடை.

துளைகளாக இருந்தால், பொறிப்பைச் சந்தேகிக்க வேண்டும். லித்தியம் நையோபேட்டை ஃபுளூரின் பிளாஸ்மாவால் பொறிக்கும்போது லித்தியம் ஃபுளூரைடு உருவாகிச் சுவர்களில் படிவதால், துளை நேராக இறங்காமல் கூம்பாகக் குறுகும். குறுகிய துளைகள் அகன்றவற்றைவிட ஆழம் குறைவாகவே பொறிபடும் என்பதால், ஒரே நேரத்தில் பொறித்த இரு விட்டங்களின் ஆழம் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ள வேண்டாம். மேலிருந்து எடுத்த நுண்ணோக்கிப் படம் இதில் எதையும் காட்டாது.

எப்போது நிறுத்துவது: இங்கேதான். துளையின் குறுக்குவெட்டை, குவித்த அயனிக் கற்றையால் வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கும் வசதியுள்ள ஆய்வகத்துக்கு ஒரு சில்லை அனுப்ப வேண்டும். உண்மையான சுவர்ச் சாய்வும் ஆழமும் தெரியாமல் கணினி மாதிரியைத் திருத்திக்கொண்டே இருப்பது, எந்த விடையையும் எதனோடும் பொருத்திக் காட்டும் வேலையாக முடியும்.

## அறிகுறி: உயர் அதிர்வெண் பக்கம் வேண்டாத மேடுகள்

மைய அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே தொடங்கி ஒழுங்கின்றி விரியும் மேடுகள் பெரும்பாலும் பருமன் அலைகள். ஆல்கஹால் துளிக்கு அவை அவ்வளவாக அசையாது. படிகத்தின் அடிப்பரப்பைச் சொரசொரப்பாகத் தேய்ப்பதோ, அதில் சாய்வான பள்ளங்களை அறுப்பதோ, படிகத்தை ஒலியை உறிஞ்சும் பசையின் மேல் ஒட்டுவதோ அவற்றைக் குறைக்கும். தற்காலிகச் சோதனைக்கு, அடிப்பரப்பில் பிசுபிசுப்பான ஒரு படலத்தைத் தடவிப் பார்த்தால் போதும். மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கூர்மையாக வரும் மேடு, சீப்பின் மூன்றாம் இசைமம், அது பழுதன்று.

## அறிகுறி: நேற்றுவரை இயங்கிய சாதனம் இன்று இயங்கவில்லை

### விரல் நுனிகளில் கருகிய குழிகள் தெரிந்தால்

லித்தியம் நையோபேட்டும் லித்தியம் டான்டலேட்டும் வெப்பநிலை மாறும்போது தம் பரப்பில் மின்னூட்டத்தைச் சேர்க்கும். சூடான தட்டின் மேல் திடீரென வைத்தாலோ எடுத்தாலோ, விரல்களுக்கு இடையே தீப்பொறி தாவி நுனிகளை உருக்கிவிடும். வெப்பநிலையை நிமிடத்துக்குச் சில பாகைகள் என்ற அளவில் மட்டும் ஏற்றி இறக்குவதும், சூடேற்றும் படிநிலைகள் முடியும்வரை இரு பாதிகளையும் ஒரு மெல்லிய உலோகப் பட்டையால் இணைத்து வைத்துப் பிறகு அறுப்பதும் இதைத் தடுக்கும். மின்னூட்டம் எளிதில் வழிந்தோடும்படி ஆக்ஸிஜன் குறைக்கப்பட்ட கறுத்த வேஃபர்களும் கிடைக்கின்றன.

### விரல்களின் மேல் சிறு மேடுகளும் வெற்றிடங்களும் தெரிந்தால்

அதிக ஆற்றலில் நெடுநேரம் இயக்கியதால், அதிர்வின் அழுத்தமே உலோக அணுக்களை இடம்பெயரச் செய்துள்ளது. தூய அலுமினியத்துக்குப் பதில், சிறிதளவு செம்பு கலந்த அலுமினியம் இதை நெடுங்காலம் தாங்கும். இயங்கும் ஆற்றலைக் குறைக்க முடியுமானால் அதையே முதலில் செய்ய வேண்டும்.

### படிகமே விரிசல் விட்டிருந்தால்

திரவத் துளிகளை நகர்த்தும் சோதனைகளில் இது அதிகம். துளியும் சீப்பும் உள்ள இடங்கள் சூடாக, சுற்றுப்புறம் குளிர்ந்திருக்க, அந்த வேறுபாட்டைத் தாங்காமல் படிகம் பிளக்கிறது. சில்லை உலோகத் தகட்டின் மேல் வெப்பம் கடத்தும் பசையோடு பதித்து, ஆற்றலைத் தொடர்ச்சியாக அன்றித் துடிப்புகளாகக் கொடுத்து, படிப்படியாக உயர்த்த வேண்டும். விரிசல் ஓரத்திலிருந்து தொடங்கியிருந்தால் வெட்டும்போதே ஓரம் சிதைந்திருக்கும். அடுத்த வேஃபரை வெட்டக் கொடுக்கும்போது, அறுக்கும் தகட்டின் வகையையும் வேகத்தையும் இந்தப் படிகத்துக்கு ஏற்ப மாற்றும்படி அந்தப் பணியாளரிடம் விரிசல் விட்ட சில்லையே காட்டிக் கேட்பது நல்லது. விரிசல் விட்ட சில்லை ஒட்டிப் பயன்படுத்த முயல வேண்டாம்.